கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துப் போட்டால் தழும்பு போகுமா?

மலர்_அம்மா:
மகளுக்கு ஐந்து வயது. போன ஆடியில் கொதிக்கிற ரசச் சட்டியை இழுத்துவிட்டாள். தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். புண் ஆறியும் தழும்பு கயிறு மாதிரி தடித்து மணிக்கட்டை இழுக்கிறது, ராத்திரி முழுக்க அரிப்பு. அவள் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து ஊசி போட்டால் தழும்பே இருக்காது என்கிறார்கள் ஒரு கிளினிக்கில். ஒன்றரை லட்சம். நகையை வைக்கலாமா?

வார்டு_அக்கா:
வைக்காதீர்கள் அம்மா. தீக்காய வார்டில் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்றால் புதுச் செல்களை உண்டாக்கும் மூல செல். சொந்த ஸ்டெம் செல்லில் தோல் வளர்ப்பது பொய்யில்லை. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் 2015இல் ஏழு வயதுப் பையனுக்குச் செய்தார்கள். மேல்தோல் ஒட்டி நிற்காத பிறவி நோய் அவனுக்கு. அவன் தோலில் துளி எடுத்து, மரபணுவைச் சரிசெய்து, தாள் தாளாக வளர்த்து உடம்பில் 80 சதவீதம் போர்த்தினார்கள். அது நிலைத்தது. ஆனால் போர்த்தியது மேல்தோலை மட்டும்தான்.

உங்கள் பெண்ணுக்குக் கீழ்த்தோலும் வெந்திருக்கிறது. மேலோட்டமாக வெந்தால் முடிவேரில் இருக்கும் ஸ்டெம் செல்லே தோலை வளர்த்துவிடும். டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது சிவப்புப் புண் நடுவே சின்னச் சின்ன வெள்ளை முத்தாகத் தெரியும். அதைப் பார்த்தால் எங்களுக்கே மூச்சு வரும். ஆழமாக வெந்தால் வேரும் போச்சு. உடம்பு அவசரத்துக்கு நாரை வைத்து அடைக்கிறது, அதுதான் தழும்பு.

லேப்_ராஜா:
அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெர்டிபோர்ஃபின் என்ற கண் மருந்தைப் போட்டு, தழும்பில்லாமல் முடியோடு தோல் வரவைத்தார்கள். எலிக்கு! அதுவும் புதுக் காயத்தில், பழைய தழும்பில் இல்லை. அப்புறம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய் போன்ற சிலவற்றைத் தவிர ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆய்வாகத்தான் நடக்கணும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அந்தக் கிளினிக்கில் ஆய்வுப் பதிவு எண் கேளுங்கள், முகம் எப்படிப் போகிறது பாருங்கள்.

மலர்_அம்மா:
தழும்பு அமுங்க சிலிக்கோன் ஷீட் ஒட்டினோம் அக்கா. வேர்க்குரு வந்ததால் விட்டுவிட்டோம்.

வார்டு_அக்கா:
எல்லாரும் அங்கேதான் விடுகிறார்கள்! முதலில் தினம் இரண்டு மணி நேரம் போதும், மெல்லக் கூட்டுங்கள். ஷீட்டையும் கையையும் தினமும் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும். எடுத்திருக்கும் நேரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு, தழும்பு வெளுக்கிற அளவு அழுத்தித் தேயுங்கள், அரிப்பும் அடங்கும். தழும்பை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் கையுறை தைத்துக் கொடுத்தார்களா? மணிக்கட்டு இழுப்பதைத்தான் தள்ளிப்போடக் கூடாது, அந்தக் கயிற்றை வெட்டி விடவேண்டியிருக்கலாம். கை எந்தப் பக்கம் மடங்கவில்லை, உள்ளங்கைப் பக்கமா, புறங்கைப் பக்கமா?