பழைய வேனில் பெட்ரோல் வாடை: 12 ஆண்டு ஆன வண்டிக்கு ரீகால் பொருந்துமா?

கேள்வி (மேடவாக்கத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத் தொழில் கல்யாணச் சமையல். பாத்திரங்களையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றிச் செல்வதற்காக, 2 ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் பெட்ரோல் வேனைத் தரகர் மூலம் வாங்கினோம். ஆர்.சி.யில் பதிவு நாள் 2014 மார்ச் என்றும், தயாரித்த மாதம் 2013 டிசம்பர் என்றும் உள்ளது. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை; குற்றம் யாருடையது என்று எனக்கே தெளிவாகாத நிலையில் பெயரை இழுப்பது முறையல்ல.

ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்காக வடபழனி போய்க்கொண்டிருந்தபோது வண்டிக்குள் குப்பென்று ஒரு வாடை அடித்தது. பின்னால் 2 கேஸ் சிலிண்டர்கள் இருந்ததால், இருந்த பதற்றத்தில் அவற்றைத்தான் சந்தேகித்தோம். சாலையோரம் இறக்கி வைத்து, வால்வைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் ஒரு குமிழிகூட எழவில்லை. அடுத்தடுத்த நாட்களில்தான் ஒன்று புலப்பட்டது: டேங்கை நிரப்பிய அன்று மட்டும் பெட்ரோல் வாடை வருகிறது, அளவு முக்கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடுகிறது. எங்கள் தெரு மெக்கானிக் பின்சக்கரத்தருகே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் வண்டிக்கெல்லாம் இதே கம்ப்ளைன்ட்தான் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இங்கே எழுத வைத்தது.

எல்லா வண்டிக்கும் ஒரே குறை என்றால் அது தயாரிப்புக் குறை ஆகாதா? நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, கணினியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், 7 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்து நிறுவனமே சரிசெய்வது) என்ற பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனரோ, தமது பழைய வேனின் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை (வண்டியில் பொறித்த அடையாள எண்ணை) அரசு இணையதளத்தில் தட்டிய மாத்திரத்தில் நிலுவையில் இருந்த ரீகால் தெரிந்துவிட்டது என்கிறார். இங்கே எங்கே கேட்பது, யாரிடம் பதிவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (அம்பத்தூர், ஓய்வுபெற்ற சர்வீஸ் அட்வைசர்)

ஐயா, முதலில் அவசரமான காரியம். பெட்ரோல் மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் ஹோஸை மாற்றும் வரை சிலிண்டரை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். பங்க்கில் ஆட்டோ கட் ஆனதும் (டேங்க் நிரம்பி பம்ப் தானே நின்றதும்) நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக வரட்டும் என்று அதற்கு மேல் ஒரு சொட்டும் அடிக்க விடாதீர்கள். முடிந்தால் அரை டேங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறி, மூடியிலிருந்து டேங்க் வரை இறங்கும் ஃபில்லர் குழாய்ப் பகுதியைக் காட்டுகிறது. டேங்கில் பெட்ரோல் குறையும்போது அந்தக் குழாய் காலியாகிவிடும். அதனால்தான் வாடையும் நிற்கிறது. இப்படியொரு காரணத்துக்காக ரீகால் நடந்ததே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014 ஏப்ரலில் மாருதி சுசூகி நிறுவனம் டிசையர், ஸ்விஃப்ட், எர்டிகா ஆகியவற்றில் 1,03,311 கார்களை ஃபில்லர் நெக் (பெட்ரோல் ஊற்றும் குழாய்) மாற்றுவதற்காகத் தானே முன்வந்து அழைத்தது. ஆட்டோ கட்டுக்கு மேல் நிரப்பினால் வாடையோ கசிவோ ஏற்படலாம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். அவை கார்கள், உங்களுடையது வேன்; ஆகவே அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். குறையின் தன்மை புரிவதற்காகவே சொல்கிறேன்.

அந்த ரீகால்கூட 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரான கார்களுக்கு மட்டுமே. ரீகால் என்பது மாடலின் பெயரை வைத்து வருவதில்லை, தயாரித்த நாளை வைத்து வருகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2023 ஜூலையில் அதே நிறுவனத்தின் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ இரண்டிலும் சேர்த்து 87,599 வண்டிகள் ஸ்டியரிங் டை ராடுக்காக (சக்கரத்தைத் திருப்பும் தண்டுக்காக) அழைக்கப்பட்டபோதும், 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை என்றுதான் வரையறுத்தார்கள். ஆகையால் பதிவு நாளைச் சொல்லிக் கேட்டால் தவறான பதில்தான் வரும். உங்கள் வண்டிக்கு 2013 டிசம்பர்தான் கணக்கு.

இனி, கேட்கும் முறை. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யிலிருந்து மட்டும் எடுக்காமல், வண்டியில் பொறித்திருப்பதையும் துருவைத் துடைத்துவிட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 17 இலக்க எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். இந்த ஒரு எழுத்துப் பிழையால் "ரெக்கார்ட் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் கவுன்ட்டரில் பார்த்திருக்கிறேன். எண் சரியாக இருந்தால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் 2 கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்: இந்தச் சேஸிஸ் எண் எந்த ரீகாலிலாவது, சர்வீஸ் கேம்பெயினிலாவது (நிறுவனம் தானே நடத்தும் திருத்தப் பணியிலாவது) எப்போதாவது இடம்பெற்றதா? இடம்பெற்றிருந்தால் அந்த வேலை எந்த நாளில், எந்தப் பட்டறையில் முடிக்கப்பட்டது? கவுன்ட்டரில் வாயால் கேட்பதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. நாங்கள் அனுப்பிய கடிதமெல்லாம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே போகும். உங்கள் வண்டிக்கு வந்திருந்தாலும் அது கோயம்புத்தூரில்தான் ஏதாவது ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும். வண்டி இப்போது உங்கள் பெயரில் இருப்பதையும் மறக்காமல் பதியச் சொல்லுங்கள்.

பதில் 2 (மயிலாப்பூர், நுகர்வோர் வழக்குகளைப் பார்ப்பவர்)

7 ஆண்டு என்று உங்களிடம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

இந்தியாவில் 2012 வரை ரீகாலுக்கென்று எழுதிய நடைமுறை எதுவுமில்லை. அந்த ஆண்டு வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், தன் உறுப்பினர்களுக்காக ஒரு தன்னார்வ விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 7 ஆண்டு என்ற எல்லை அதிலேயே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின் வழியாக 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருப்பதாக உரிமையாளர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினரோ, சோதனை மையமோ, வேறு எவருமோ தெரிவித்தால், அவற்றைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு நிறுவனத்துக்கு ஆணையிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. வண்டியின் வயதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 127சி விதிதான் அந்த 7 ஆண்டு எல்லையை அரசு விதிக்குள் கொண்டுவந்தது. ஆண்டு விற்பனைக்கு ஏற்ப எத்தனை புகார்கள் சேர வேண்டும் என்ற அட்டவணையும், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான அபராதமும் அந்த விதிமுறைகளோடு வந்தவையே. பெருமளவில் விற்கும் கார்களுக்குப் புகார் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்ட வேண்டும் என்பதிலிருந்தே, ஒருவர் மட்டும் எழுதி எதுவும் நகராது என்று தெரிகிறது.

ஆகவே, அரசு கட்டாயப்படுத்தும் ரீகால் உங்கள் வண்டிக்கு இன்று பொருந்தாது. ஆனால், முன்பே அறிவித்து முடிக்காமல் விட்ட ரீகால் ஒன்று இருந்தால், அதைச் செய்துதரக் கூடாது என்று எந்த விதியும் தடுக்கவில்லை. சர்வீஸ் சென்டர்காரர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

இந்த 7 ஆண்டு எல்லை எனக்கு உடன்பாடானதல்ல. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாயுவை உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியதால்தான் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. வண்டிக்கு வயது ஏற ஏறத்தான் அந்த ஆபத்து கூடியது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6.7 கோடி ஏர்பேக் பாகங்கள் ரீகாலுக்கு உட்பட்டன. சித்திரை வெயிலும் கடற்காற்றும் சேர்ந்த நம் சென்னையில், 7 ஆண்டுக்குள் வெளிப்படாத குறை குறையே அல்ல என்று எப்படிச் சொல்வது?

மைத்துனர் சொன்னது சரிதான். அங்கே ரீகால் அறிவிப்புக்கு வயது வரம்பு இல்லை. முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை இலவசமாகப் பழுது நீக்கித் தர வேண்டும். உரிமையாளர்களின் புகார்களை யாரும் படிக்கலாம். அவற்றைக் கொண்டு தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் முதலில் பூர்வாங்க மதிப்பீடும், பிறகு பொறியியல் ஆய்வும் நடத்தும். அதற்காக அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் ஓடும்போதே நழுவி, எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் செயலிழந்த குறைக்கு 2014-இல்தான் ரீகால் வந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. ஆய்வு தொடங்கலாமா என்ற யோசனை 2007-இலேயே எழுந்து கைவிடப்பட்டது. இதில் நமக்குப் பயன்படும் செய்தி வேறொன்று: அந்தச் சுவிட்சை நிறுவனம் இடையில் திருத்தியபோது பாகத்தின் எண்ணை மாற்றாமலே விட்டதால், பழையதையும் புதியதையும் பிரித்தறிவது ஆய்வாளர்களுக்குப் பெரும்பாடானது. எனவே பழைய ஹோஸைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள்.

மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் குறைப் புகாரைப் பதியும் வசதி உள்ளது; 7 ஆண்டுக்குட்பட்ட அதே மாடல் வைத்திருப்பவர்கள் அங்கே பதிவதுதான் கணக்கில் சேரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 20-ஆம் பிரிவின்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உண்டு. அந்தப் பிரிவு 7 ஆண்டு என்று கோடு போடவில்லை. 1915 என்ற உதவி எண்ணில் தொடங்கலாம். சமையல் தொழிலுக்கு வாங்கிய வண்டி ஆயிற்றே, நுகர்வோர் ஆவோமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். பிழைப்புக்காகத் தானே நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியதை வணிக நோக்கம் என்று அந்தச் சட்டம் கொள்வதில்லை. ஆனால் மாவட்ட ஆணையத்தில் முறையிட 2 ஆண்டுக் காலக்கெடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பதில் 3 (புழல், அதே வகை வேன் 3 வைத்திருப்பவர்)

பெரியவர்கள் இருவரும் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. 12 ஆண்டு வெயிலில் கிடந்த ரப்பர் வெடிப்பது உலக வழக்கம்; அதற்கெல்லாம் தயாரிப்புக் குறை என்று பட்டம் கட்டினால் டயருக்கும் ரீகால் கேட்கலாம். "எல்லா வண்டிக்கும் இதே கம்ப்ளைன்ட்" என்று மெக்கானிக் சொன்னால், அந்த வண்டிகளுக்கு என்ன வயது என்று திருப்பிக் கேளுங்கள். 3 ஆண்டு வண்டியிலும் வெடித்திருந்தால்தான் அது குறை.

இன்னொன்றும் உண்டு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் 2023 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளுக்கென்று வகுத்த ஏற்பாடு. 2013 ஹோஸ் அதை எதிர்பார்த்துச் செய்ததல்ல. இதை நிறுவனத்தின் குற்றம் என்பதா, நம் தலையெழுத்து என்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஹோஸ் மாற்றும்போது புதுப்பேட்டையில் கழற்றிய பழையதையோ, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் தண்ணீர்க் குழாயையோ போட்டுவிடாதீர்கள். பெட்ரோலுக்கென்று செய்த புதிய ஹோஸையே வாங்குங்கள். கிளாம்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 9 நாளில் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: இந்தச் சேஸிஸ் எண் எந்த ரீகாலிலும் இடம்பெறவில்லை. ஆகவே செலவு எங்களுடையதே என்று ஏற்றுக்கொண்டு, நேற்று நிறுவனத்தின் அசல் ஹோஸையே வாங்கிப் போட்டோம். பழையதை நானே வாங்கி மடக்கிப் பார்த்தேன். வெளிப்புறம் ஒரு கீறலும் இல்லை. டேங்க் பக்கம் கிளாம்ப் இறுக்கிய வளையத்தின் உட்புறத்தில் மட்டும், நகத்தால் கீறியதுபோல் சுற்றிலும் மயிரிழை வெடிப்புகள். மூடிப் பக்கத்து முனையில் அப்படி எதுவும் இல்லை. புழல் ஐயா சொன்னபடி வயதான ரப்பர் என்றால் இரு முனையும் வெடிக்க வேண்டாமா? இன்னொன்று: பழைய ஹோஸில் அச்சடித்த பாக எண்ணும் புதியதன் எண்ணும் கடைசி எழுத்து ஒன்றில் மட்டும் வேறுபடுகின்றன.

பதில் 1 (அம்பத்தூர்)

கடைசி எழுத்து மாறினால் பாகத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஏன் திருத்தினார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. ரப்பரைத் தரும் நிறுவனத்தை மாற்றினாலும் எழுத்து மாறும், எத்தனாலுக்காக மாற்றினாலும் மாறும். ஒரே முனையில் வெடிப்பு என்பதற்குக் கிளாம்பை அளவுக்கு மேல் முறுக்கியதும் காரணமாகலாம். டேங்க் பக்கத்து முனையில் பெட்ரோல் அதிக நேரம் தேங்கி நின்றதும் காரணமாகலாம். எண் தெரியும்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, வெடிப்பு உள்ள இடத்தையும் கிட்டத்தில் எடுத்து, ஜாப் கார்டு (பட்டறை வேலைச் சீட்டு) நகலோடு அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பி, திருத்தத்தின் காரணத்தைக் கேளுங்கள். பழைய ஹோஸைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, கழற்றிய நாளும் ஓடோமீட்டர் அளவும் எழுதி ஒட்டி வையுங்கள். சமையல் கட்டில் வைக்காதீர்கள். அதில் இன்னும் பெட்ரோல் ஊறியிருக்கும்.