படம் பார்த்து செய்த மொக்டெயில்: உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

கல்லடிக்காரி:
அக்காட மகளுக்குப் பிறந்தநாள். கேக்கை வேற ஆக்கள் பொறுப்பெடுத்தாச்சு, குடிக்கிறதுக்கு என்ன எண்டு கேட்டாங்க, "நீமோ" எண்டு சொல்லிட்டன். நீமோ எண்ட குட்டிக் கோமாளி மீன்ட கதை, 2003இல வந்த "ஃபைண்டிங் நீமோ" படம், சிடி தேயத் தேயப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்க. சங்குப்பூத் தண்ணி கடல், கொடித்தோடைச் சாறு மீன், கொஞ்சம் கசகசா (சர்பத்துக்குப் போடுற துளசி இன விதை). இளநீர் வழுக்கலை நீட்டு நீட்டாக் கீறி கிளாஸ்ட உள்பக்கம் மூணு வரியா ஒட்டினா கோமாளி மீன்ட வெள்ளைப் பட்டி வந்துடும். செய்முறை எழுத வரல்ல, அது உங்களுக்கே தெரியும்.

கரட்டைச் சீவி ரெண்டு செட்டை செய்து விளிம்பில குத்தினன். வலப்பக்கச் செட்டை சின்னன், படத்தில நீமோக்கு அப்பிடித்தானே. எல்லாக் கிளாஸுக்கும் அப்பிடியே. பெரியாக்கள் "என்ன, கரட் முடிஞ்சு போச்சா?" எண்டு கேட்டாங்க. வந்த பிள்ளைகள்ல ஒரு மகளுக்குப் பிறப்பிலேயே ஒரு கை சிறுத்தது. அவ கிளாஸைத் தூக்கிச் சுத்திப் பார்த்தா. பக்கத்துக் கிளாஸைப் பார்த்தா, அதுக்கங்கால உள்ளதையும் பார்த்தா. எல்லாத்திலயும் அந்தப் பக்கம் சின்னன் எண்டு விளங்கினதும், பெரிய செட்டையைக் கழட்டி நறுக்கெண்டு கடிச்சா. சின்னச் செட்டையை அங்கயே விட்டுட்டுக் குடிச்சா. ஒரு கதையும் இல்ல.

அவட அம்மா என்னைப் பார்த்தா. அது சந்தோசமா, "உனக்கு ஏன் இந்த வேலை"யா எண்டு எனக்கு இன்னும் பிடிபடல்ல. அதுதான் எழுதுறன்.

காத்தான்குடி வாப்பா:
நீங்க செட்டையைச் சொல்றீங்க, எனக்கு கசகசாதான் மனசில நிக்கிது. நோன்பு திறக்கிற சர்பத்தில எங்கட ஊட்ட கசகசா இல்லாத நாளே இல்ல, மகன் ஒருநாளும் அதைத் திரும்பிப் பார்த்ததில்ல. பெருநாளுக்கு மச்சி இதே நீமோவைப் போட்டா. ஊறின கசகசா எப்பிடி இருக்கும்? தெளிஞ்ச உறை, நடுவில ஒரு கறுப்புப் புள்ளி. கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்துட்டு மகன் சொல்றான், "வாப்பா, இது நீமோட உம்மாட முட்டை."

படத்திட தொடக்கம் தெரியும்தானே. சீலா மீன் வந்து தாயையும் முட்டைகளையும் முடிச்சுட்டுப் போகும், மிஞ்சுறது ஒண்டே ஒண்டு. இனிக் குடிக்க மாட்டான் எண்டுதான் நினைச்சன். குடிச்சான், கடைசி மிடறு வரைக்கும். மறுகா கரண்டியை எடுத்து ஒரே ஒரு விதையை அடியில ஒதுக்கி வச்சான். "இத ஆரும் கழுவப் படாது." அவன்ட உம்மா கன நாள் அந்தக் கிளாஸைக் கழுவவே இல்ல. இப்ப கேட்டா ஞாபகமில்ல எண்டுறான், எங்களுக்குத்தான் மறக்க ஏலாம இருக்கு.

களுவாஞ்சிகுடி சேர்:
கல்லடித் தங்கச்சி, சங்குப்பூத் தண்ணியில கொடித்தோடை பட்டா நீலம் எப்பிடி நிக்கும்? அந்தச் சாயம் அந்தோசயனின். புளி பட்டா ஊதா, இன்னும் கூடினா இளஞ்சிவப்பு. நீங்க கடல் எண்டு சொன்னது எனக்கு நம்பிக்கையில்ல. எங்கட பள்ளி விழாவில 1992இல வந்த அலாவுதீன் படத்து நீலப் பூதம் எண்டு சொல்லி சங்குப்பூ சர்பத் வச்சம். ஒரு மாணவன் பழக்க தோசத்தில தேசிக்காயைப் பிழிஞ்சுட்டான். கண்ணுக்கு முன்னால நீலம் போயிட்டு. முன்வரிசையில இருந்த சின்னவன் ஒருவன் "பூதத்தைக் கொன்னுட்டாங்க" எண்டு கத்தினான் பாருங்க, அந்தக் குரல் இப்பவும் காதில கேட்குது. வேற கிளாஸ் குடுத்தும் அவன் வாங்கல்ல.

கல்லடிக்காரி:
சேர், ஊதா வரத்தான் வேணும். கலக்கிறல்ல. சீனி போட்ட சாறு அடியில, சீனி போடாத நீலத் தண்ணி மேல. ரெண்டும் தொடுற இடத்தில ஒரு விரல்கடை ஊதா வரும். கோமாளி மீன் குடியிருக்கிறது கடற்சாமந்திக்குள்ள. அந்த ஊதாதான் அதுட வீடு.

அறுகம்பே பார்:
ஹோட்டல்ல நிண்ட காலம். வெளிநாட்டுச் சின்னப் பிள்ளை ஒண்டு, சிங்கக்குட்டியைப் பாறையில தூக்கிக் காட்டுற இடத்தைக் குடிக்கத் தாங்க எண்டு கேட்டுது. 1994இல வந்த லயன் கிங். தோடம்பழச் சாறு ஊத்தி மாதுளைப் பாகை ஓரத்தால இறக்கினன், அடியில சூரியன் வந்துட்டு. அது கிளாஸை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக் காட்டிச்சு. பாதி என்ட சட்டையில.

இனி செய்முறை, ஆரும் கேட்காட்டியும். அடுக்கு நிக்கிறது சீனியால. இனிப்புக் கூடினது பாரம், அது கீழ நிக்கும். ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை தண்ணி எண்டு பாகு காய்ச்சி ஆற வச்சு கொடித்தோடைச் சாறோட சேருங்க, சூட்டோட ஊத்தினா எல்லாம் ஒண்டாப் போயிடும். அதை அடியில ஊத்தி, கிளாஸ் நிறைய ஐஸ். ஐஸைக் குறைச்சா அடுக்கு உடையும், எங்கட ஆக்கள் கஞ்சத்தனம் பிடிக்கிற இடம் அதுதான். கரண்டியைக் கவிழ்த்துப் பிடிச்சு அதுட முதுகில நீலத் தண்ணியை மெல்ல விடுங்க. சோடா வேணுமெண்டா ஆகக் கடைசியில, கலக்கிற கதையே வேண்டாம். வெள்ளை வரிக்குப் பசுப்பால் ஊத்தலாமா எண்டு கேட்பாங்க, புளிச் சாறு பட்டாப் பால் திரையும், வழுக்கல்தான் சரி. ஆனா கிளாஸ் ஈரமா இருந்தா வழுக்கல் சறுக்கி விழும், துடைச்சுப் போட்டு ஒட்டுங்க. கசகசாவைக் கால் மணித்தியாலமாவது ஊற விடுங்க, ஊறாத விதை சின்னப் பிள்ளைகள்ட தொண்டையில ஒட்டும். உறிஞ்சுகுழாய் பேப்பர்ல வாங்குங்க. கடல் மீன்ட கிளாஸுக்குள்ள பிளாஸ்டிக்கைக் குத்துறது எனக்குச் சரியாப் படல்ல, இங்க 2023இல அதுக்குத் தடையும் வந்துட்டு.

ஆரையம்பதி அம்மா:
எல்லாரும் பாகிலயும் ஐஸிலயும் நிக்கிறீங்க. அந்தத் தங்கச்சி கேட்டது வேற. என்ட மகனுக்குக் காலில குறை. விளையாட்டுப் போட்டியில அவனுக்கு மட்டும் தனியா ஒரு பரிசு வச்சாங்க. அவன் அதைத் திறக்கவே இல்ல, அலுமாரிக்கு மேல போட்டான். நீங்க எல்லாக் கிளாஸிலயும் சின்னச் செட்டை வச்சீங்க. அவட கிளாஸில மட்டும் வச்சிருந்தா, நான் அந்தத் தாயா இருந்திருந்தா, பிள்ளையைக் கூட்டிட்டு எழும்பிப் போயிருப்பன். அவ போகல்லத்தானே. ஒருக்காப் போய்ப் பேசுங்க கிளி.

சாய்ந்தமருது உம்மா:
பார் தம்பி, இவ்வளவு நீட்டுக்கு எழுதினீங்க, புகையைப் பத்தி ஒரு வரி இல்ல. இப்ப மண்டபத்துக்கு மண்டபம் அதுதான் நடக்கிது. ஒரு கலியாணத்தில பிள்ளைகள்ட மேசைக்கு 2013இல வந்த புரோசன் படத்துட பேரில வெள்ளைப் பானம் வந்திச்சு, கிளாஸால புகை வழியுது. எல்லாப் பிள்ளைகளும் கை தட்டிச்சு. என்ட மகள் அடியில கிடந்த வெள்ளைத் துண்டை ஐஸ் எண்டு நினைச்சு விரலை உள்ளுக்க விட்டா. நான் கையைப் பிடிச்சு இழுத்த இழுவையில கிளாஸ் கவிழ்ந்து மாப்பிள்ள ஊட்டாக்கள்ட உடுப்பெல்லாம் பால். கோபப்பட்டாங்க. படட்டும்.

அது ஐஸ் இல்ல, உலர் ஐஸ். உறைஞ்ச கரியமில வாயு, பூச்சியத்துக்குக் கீழ 78 பாகை. தொட்டாத் தோல் வேகும், விழுங்கினா வயிறு புண்ணாகும். பெரியாக்களுக்கே அது ஆபத்து, பிள்ளைகள்ட கிளாஸுக்குள்ள போடுறதெண்டா எனக்கு நெஞ்சு பதறுது. புகை வேணுமெண்டா காத்தோட்டமான இடத்தில, பிள்ளைகள்ட கைக்கு எட்டாத உயரத்தில, ஒரு சட்டியில தண்ணி வச்சு அதுக்குள்ள போடச் சொல்லுங்க. மண்டபம் எடுக்கிற நாளே இதைப் பேசி எழுதி வாங்குங்க, கலியாணத்தண்டு சொன்னா ஒருத்தரும் காதில போட மாட்டாங்க.