ஸ்பீட்வே: முதல் ஹீட்டுல 1-ஆம் கேட்டு, கடைசியில 4-ஆம் கேட்டு. என்ன மாறுது?

தக்கலை_ஹீட்15:
பிரிட்டன் ஸ்பீட்வே லீக் பாக்கவங்க இங்க நாலஞ்சு பேராவது உண்டு, அதனால கேக்கேன். தெரியாதவங்களுக்கு: அணிக்கு ரெண்டு பேரா நாலு பைக்கு, நீள்வட்ட மண் தடத்துல நாலு சுத்து, அதுதான் ஒரு ஹீட்டு. புறப்பட நிக்க இடம்தான் கேட்டு, 1 உள்பக்கம், 4 வேலிப் பக்கம். அங்க கோடையில சாயந்திரம் 7.30-க்குப் பந்தயம்னா நமக்கு நடு ராத்திரி 12. தூக்கக் கலக்கத்துல தப்பாப் பாக்குறேனோ என்னவோ. முதல் நாலஞ்சு ஹீட்டு உள்பக்கம் நிக்கவன் வளைவை முதல்ல பிடிச்சு அப்படியே போயிருதான். பத்தாவது ஹீட்டுக்குப் பிறகு வேலியை ஒட்டி வாறவன் ரெண்டாவது சுத்துல எல்லாரையும் தாண்டுறான். ஆளு அதே ஆளு, வண்டி அதே வண்டி.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஸ்டார்ட் கோட்டுல குறுக்கே இருக்குற டேப்பைத் தொட்டவனை ஒரு நேரம் 15 மீட்டர் பின்னால நிறுத்துறாங்க, இன்னொரு நேரம் அவனுக்குப் பதிலா ரிசர்வ் ஆளு வாறான். எது எப்போ? மழை நின்னு வெயில் அடிச்ச பிறகும் மேட்ச்சை ஏன் தள்ளி வைக்காங்க?

சரல்மண்:
மாறுறது மண்ணாக்கும், மக்கா.

அங்க தடத்துக்குப் போடுறது ஷேல், நசுக்கின களிப்பாறை. நம்மூர்ப் பள்ளிக்கூட மைதானத்துல சரல் விரிச்சு உருளை ஓட்டுவாங்கல்லா, அதை இன்னும் பொடிசாக்கி, அடியில இறுக்கி, மேல கொஞ்சம் மட்டும் இளக்கமா விட்டதுன்னு நெனச்சுக்கிடுங்க. அந்த மேல் இளக்கம்தான் பிடி. பின்டயர் அதைக் கடிச்சாத்தான் வண்டி முன்னால போவும். 500 சிசி ஒத்தை சிலிண்டர், மெத்தனால், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாதுங்கதுதான் விதி, அப்போ எவ்வளவு லேசான வண்டின்னு பாத்துக்கிடுங்க.

வளைவுல பின்சக்கரம் வீசுற மண்ணு வேலிப் பக்கம் போய்ச் சேரும். நாலு வண்டி, நாலு சுத்து, சுத்துக்கு ரெண்டு வளைவு. ஒரே ஹீட்டுல 32 தடவை மண்ணை வாரி வெளிய தள்ளுது. பத்து ஹீட்டுல 320. உள்பக்கம் சிமென்ட் தரை மாதிரி ஆயிரும். உள்ள ஓடுறவனுக்கு தூரம் குறைவு, ஆனா த்ராட்டிலைத் திறந்தா சக்கரம் சும்மா சுத்தும். வெளிய ஓடுறவன் கூடுதல் தூரம் போறான், ஆனா முழு த்ராட்டில்ல வளைவை விட்டு வாறான். அந்த வேகம் நேர்தடம் முழுக்க அவன் கையில இருக்கும்.

மூணு நாலு ஹீட்டுக்கு ஒருக்கா டிராக்டர் வந்து இழுக்குறது இந்த மண்ணைத் திரும்ப உள்ள கொண்டு வரத்தான். இழுத்த உடனே வாற ஹீட்டுல உள்கேட்டுக்குக் கொஞ்சம் உயிர் வரும். அதனால ஹீட் நம்பரை மட்டும் பாக்காதீங்க. கடைசியா எப்போ இழுத்தாங்க, வெள்ளம் தெளிச்சாங்களா, அதையும் பாருங்க.

மழைக்கும் இதே கணக்குதான். மழை வருதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா மேல்மண்ணை இளக்காம உருட்டி இறுக்கிப் போடுவாங்க. வெள்ளம் மேலயே ஓடி வடிஞ்சிரும். இளக்கி வச்ச நேரம் பார்த்து மழை புடிச்சா மண்ணு அவ்வளவையும் குடிக்கும். அப்புறம் வெயில் அடிச்சா மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில சேறு. ரெண்டு ஹீட்டு ஓடுனதும் வளைவு தொடங்குற இடத்துலயும் முடியிற இடத்துலயும் குழி விழும். குறுக்கே வழுக்கிட்டு வாற வண்டியோட பின்டயர் அந்தக் குழியில சட்டுன்னு பிடிச்சா, வண்டி நிமிர்ந்து, முன்சக்கரம் தூக்கி, நேரே வேலியைப் பாத்துச் சாடும். மேல்சேறை வழிச்சு எடுத்துட்டு காஞ்ச மண்ணு போடலாம், அதுக்கு நேரம் வேணும். மான்செஸ்டர்ல நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம் 2016 மார்ச்சுல திறக்குறப்போ வளைவுல தடம் சரியில்லன்னு முதல் பந்தயமே நடக்காமப் போச்சு. நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. இங்க ஒரு தடம் போட்டா அணிக்கு ‘ஒத்திவைப்பு’ன்னே பேரு வைக்கலாம்.

பல்சக்கரம்:
அண்ணாச்சி சொன்னது பாதி. மண்ணு நாலு பேருக்கும் பொதுதானே, பின்ன ஏன் ஒருத்தன் மட்டும் தாண்டுறான்? ஹீட்டுக்கு நடுவுல வண்டியை மாத்துனவன் தாண்டுறான்.

பின்சக்கரப் பல்சக்கரத்துல ஒரு பல்லு கூட்டினா இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். மண்ணு கனமா, பிடியா இருந்தா பல்லு கூட்டுவாங்க. வழுக்குன்னா குறைப்பாங்க, இல்லன்னா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். தப்பாக் கணிச்சது டிவியிலயே கேக்கும். நேர்தடம் பாதி தாண்டுறதுக்குள்ள எஞ்சின் உச்சத்துல கத்திட்டு அதுக்கு மேல வேகம் ஏறலன்னா பல்லு கூடிப்போச்சு. வளைவை விட்டதும் சத்தம் அமுங்கி முனகிட்டே இழுத்தா குறைஞ்சுபோச்சு.

டேப் விஷயத்துல ஒண்ணு. தொட்டவன் எல்லாம் திருட்டு ஸ்டார்ட் எடுக்கப் பாத்தவன் இல்ல. கிளட்ச்சைப் பிடிச்சு, எஞ்சினை ஏத்தி வச்சு நிக்கும்போது கிளட்ச் சூடாகும். சூடானா பிளேட்டு முழுசா விலகாது, வண்டி தானா ஊர்ந்து டேப்புல முட்டும். ஸ்டார்ட் எடுக்குமுன்ன ஷூவால மண்ணைக் கிளறி மிதிக்கிறது பாத்திருப்பீங்க, அங்க அதைத் தோட்டவேலைன்னு கேலி பண்ணுவாங்க. முந்தின ஹீட்டுல பின்டயர் தோண்டின பள்ளத்தை ஈர மண்ணால நிரப்பி மிதிக்கதுதான் அது. 2 நிமிஷக் கெடுவுக்குள்ள செய்யணும், இல்லன்னா தண்டனை. 4-ஆம் கேட்டுல நல்ல ஈர மண்ணு கிடந்தாலும் மிதிக்காம நின்னா பிரயோஜனமில்ல.

ஸ்கோர்_நோட்டு:
டேப் உடைச்சவன் ஒண்ணு 15 மீட்டர் பின்னால நின்னு ஓடணும், இல்லன்னா அவனுக்குப் பதில் ரிசர்வ் ஓடணும். முடிவு டீம் மேனேஜருக்கு. வெளியோரம் மண்ணு சேர்ந்த நேரம் அணியோட சிறந்த ஆளைப் பின்னால நிறுத்துறது நல்ல கணக்கு, தாண்ட வழி இருக்கு. தடம் முழுக்க ஒரே வழுக்குன்னா 15 மீட்டரை எட்டிப் பிடிக்கதுக்குள்ள நாலு சுத்து முடிஞ்சிரும், அங்க ரிசர்வ் ஆளை இறக்கி ஒரு பாயிண்டு தேத்தலாம்.

கேட்டு அணிக்கு ஒண்ணு விட்டு ஒண்ணு: ஒரு ஜோடிக்கு 1, 3, மத்த ஜோடிக்கு 2, 4. 3-ல நிக்கவன் நல்லாப் புறப்பட்டா 2-ல நிக்கவன் மூக்கை மறிச்சு உள்ள இறங்குவான், 1-ல உள்ள கூட்டாளிக்கு வெள்ளைக் கோட்டு ஓரம் சும்மா கிடைக்கும். முதல் ரெண்டு இடமும் ஒரே அணிக்குப் போற 5-1 பாதி அங்கதான் பிறக்குது.

ஹீட்டுக்கு 3-2-1-0, ஆக 6 பாயிண்டு. 15 ஹீட்டுக்கு 90, 46 எடுத்தா வெற்றி. 13-ஆம் ஹீட்டு முடிஞ்சு 43-35-ன்னு இருந்தா பின்தங்கினவன் அடுத்த ரெண்டையும் 5-1 எடுத்தாலும் 45-45, சமன்தான். ஒரு காலத்துல இதுக்குன்னே கறுப்பு வெள்ளை ஹெல்மெட் இருந்துச்சு. பின்தங்கின அணி ஒருத்தனுக்கு அதை மாட்டி இறக்கும், அவன் எடுக்குற பாயிண்டு ரெட்டிப்பு. அவன் முதல், கூட்டாளி ரெண்டாவதுன்னா 8-1. எனக்கு அது ஒருக்காலும் ஒப்பாது. பன்னிரண்டு ஹீட்டு ஒழுங்கா ஓடி எடுத்த முன்னணியை ஒரே ஹீட்டுல 7 பாயிண்டு சரிக்குது.

தக்கலை_ஹீட்15:
கொள்ளாம், எல்லாருக்கும் நன்றி. விழுந்தவனையே வெளிய போடுறது எதுக்கு? அடிபட்டவனுக்குத் தண்டனையா?

ஸ்கோர்_நோட்டு:
ரேஸ் நிக்கதுக்கு யாரு காரணம்னு மட்டும்தான் ரெஃபரி பாக்கார். தானா விழுந்து எழும்பாமக் கிடந்தா சிவப்பு விளக்கு போடுவார், மறு ஓட்டத்துல அவன் இல்ல. இடிச்சுத் தள்ளுனா இடிச்சவன் வெளிய. முதல் வளைவுல நாலு பேரும் நெருக்கி ஒருத்தன் விழுந்து, ஒருத்தன் மேலயும் குத்தம் வைக்க முடியலன்னா நாலு பேரும் திரும்ப ஓடலாம். வெளியேத்துனவன் ஹெல்மெட்டு நிறத்துல விளக்கு எரியும்: ஊர்க்காரனுக்கு சிவப்பு, நீலம், வந்தவனுக்கு வெள்ளை, மஞ்சள். ரீப்ளேயில அவன் பின்டயர் தானா வழுக்குச்சா, அதுக்கு முந்தி இன்னொருத்தன் முன்டயர் தொட்டுச்சான்னு பாருங்க, பாதிச் சண்டை அதோட தீரும்.

பல்சக்கரம்:
அந்த 8-1 பத்தி மட்டும் ஒத்துக்க முடியாது அண்ணே. 43-35-ன்னு ஆனா ராத்திரி ஒண்ணரை மணிக்கு எதுக்கு முழிச்சுக் கிடக்கணும்?

ஸ்கோர்_நோட்டு:
படுங்க.