கறுப்புத் தண்ணீரில் வெள்ளைக் கொக்கு: இறகே தெரியவில்லை, எங்கே தவறுகிறேன்?

தண்ணீர்க்கரை:
இரண்டு மாதமாகக் காலையில் குளத்தங்கரையில் போய் உட்காருகிறேன். க்ராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 400 மி.மீ. லென்ஸ், கையில் பிடித்தே எடுக்கிறேன். மூன்று படங்கள் போட்டிருக்கிறேன்.

முதல் படத்தில் நிழல் விழுந்த தண்ணீரில் வெயில்பட நிற்கும் சின்ன வெண்கொக்கு. ஷட்டர் வேகம் 1/800 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400, அப்பர்ச்சர் மோடு (திறப்பை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும்). இறகில் ஒரு கோடுகூட இல்லை, வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. இரண்டாவது, 5 மீட்டரில் என்னைப் பார்த்து உட்கார்ந்த சின்ன மீன்கொத்தி. அலகு நுனி தெளிவு, கண் மங்கல். மூன்றாவது, அதே கொக்கு எழும்பும்போது அதே அமைப்பில் எடுத்தது. சிறகு முழுக்கக் கலங்கல்.

வீட்டில் எல்லோரும் அழகு என்கிறார்கள். எனக்குக் குறைகள்தான் வேண்டும். தயங்காமல் சொல்லுங்கள்.

சாம்பல் நாரை:
கேமராவின் ஒளி மீட்டருக்குக் கொக்கு என்றெல்லாம் தெரியாது. சட்டம் (ஃபிரேம்) முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். உங்கள் படத்தில் முக்கால்வாசி கறுப்புத் தண்ணீர். அதற்கு வெளிச்சம் கூட்டப் போய்க் கொக்கை எரித்துவிட்டது. அதற்காக வெள்ளைப் பறவை என்றாலே மைனஸ் (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் குறைப்பது) என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அதே கொக்கு சட்டத்தை நிறைத்து நின்றால் சாம்பலாக விழும், அப்போது பிளஸ் போக வேண்டும்.

நான் இப்போது மேனுவலில்தான், எல்லா அமைப்பையும் நானே வைத்து, எடுக்கிறேன். வெயில் மாறாதவரை கொக்கின்மேல் விழும் வெளிச்சமும் மாறாது, பின்னால் தண்ணீர் இருந்தாலும் வானம் இருந்தாலும் சரி. எரிந்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, இறகில் மினுக்கம் நிற்கும்வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். உங்கள் படத்துக்கு ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தால் போதும் என்று தோன்றுகிறது. ஐஎஸ்ஓவைத் தொடாமல் 1/2000 கிடைத்துவிடும். பறக்கும் கொக்குக்கும் அந்த வேகம் வேண்டும், மூன்றாவது படத்தின் கலங்கலும் பெரும்பாலும் தீரும். ரா (RAW, கேமரா சுருக்காத மூலக் கோப்பு) வடிவத்தில் எடுங்கள். நிழலைப் பிறகு தூக்கலாம், முழுதாக எரிந்த வெள்ளை திரும்பாது.

கண்மணி ஃபோகஸ்:
மீன்கொத்தி பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் லென்ஸில், எஃப் 5.6இல், 5 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் மூன்றரை சென்டிமீட்டர். அதில் பாதி முன்னால், பாதி பின்னால். அந்தப் பறவையின் அலகே ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர். நுனியில் ஃபோகஸ் பிடித்தால் கண்ணுக்கு எட்டவே எட்டாது. சட்டத்தின் பெரும்பகுதியில் தானே ஃபோகஸ் தேடும் அகலமான ஏரியா மோடு பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாறிக் கண்ணில் வையுங்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பும் நொடிக்குக் காத்திருங்கள். அப்போது அலகும் கண்ணும் ஒரே தளத்தில் வந்துவிடும்.

நாணல்:
நின்றுகொண்டே எடுத்தீர்களா? கொக்கை மேலிருந்து பார்ப்பதால்தான் அதன் காலடித் தண்ணீரே பின்னணியாகிவிட்டது. தரையோடு படுத்து, லென்ஸைக் கொக்கின் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னணி தூரக்கரைக்குப் போய் மெத்தென்று மங்கும். அப்புறம், தலைக்குப் பின்னால் ஒரு குச்சி கொம்புபோல் முளைத்திருக்கிறது. அரை அடி நகர்ந்தால் போதும். கொக்கு இடப்பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் இடம் விடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதன் இரை நேரம் நம் படத்தைவிடப் பெரிது.

தண்ணீர்க்கரை:
மூவருக்கும் நன்றி. இன்று காலை படுத்தபடி, மேனுவல், 1/2000. கழுத்து இறகு ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் வந்திருக்கிறது! பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழும்பும்போது எடுத்த பதினான்கில் இரண்டில் கண் தெளிவு. மற்றவற்றில் ஒற்றைப் புள்ளி பறவையை விட்டு நழுவிவிட்டது. பறக்கும்போது மட்டும் புள்ளிகளைக் கூட்டிக்கொள்ளலாமா?

கண்மணி ஃபோகஸ்:
ஆமாம், சிறு குழுவாக வையுங்கள், தொடர் ஃபோகஸில். எழும்புவதற்கு முன்பே பிடித்துப் பின்தொடருங்கள். அந்த இரண்டையும் போடுங்கள், பார்க்க வேண்டும்.