கியூஎமுவில் ஓடியது, போர்டில் நின்றது: உங்களுக்கு நடந்ததா?

இரவுவிளக்கு:
இரண்டு வருடம் ஆகியும் இது மனதை விட்டுப் போகவில்லை. ஆர்ம் 64 சிப்புக்கு நானே எழுதிய சின்ன கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம். இன்டெல் லேப்டாப்பில், வேறு சிப்பைப் போல நடிக்கும் எமுலேட்டரான கியூஎமுவில், அதன் 'விர்ட்' என்ற கற்பனை மெஷினுக்கு நான்கு கோர் கொடுத்து விடிய விடிய ஓடவிட்டேன். ஒரு பிசகும் இல்லை. அப்புறம் நிஜ ஆர்ம் போர்டான ராஸ்பெரி பை 4-இல் ஏற்றினேன். சீரியல் திரையில் 41-ஆம் செய்தி வந்தது. 42 வரவேண்டிய இடத்தில் மறுபடியும் 41.

ஒரு கோர் செய்தியை எழுதிவிட்டு, 'செய்தி தயார்' என்று காட்டும் ஃபிளாகை மாற்றும். இன்னொன்று ஃபிளாகைப் பார்த்துச் செய்தியை எடுக்கும். நடுவில் பேரியர், அதாவது வரிசையைக் காக்கும் கட்டளை, போட மறந்திருந்தேன். எழுதிய வரிசை மாறாமல் மற்ற கோர்களுக்குக் காட்டுவது இன்டெல் சிப்பின் வழக்கம். கியூஎமு என் கர்னலை அதன் மேல்தான் ஓட்டியது, தப்பு மறைந்தே கிடந்தது. பையில் உள்ள கார்டெக்ஸ் ஏ72 சிப் அப்படியில்லை. இரண்டு பக்கமும் டிஎம்பி என்ற ஆர்ம் பேரியரைச் சேர்த்ததும் சரியானது. அந்த இரண்டாவது 41 இன்னும் கண்ணில் நிற்கிறது.

பைட்வரிசை:
எமுலேட்டரை நம்பவே கூடாது என்கிற மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்ள முடியாது. என்னைக் காப்பாற்றியதே அதுதான். ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் மெயின்ஃப்ரேமை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கியூஎமுவில் அதற்கான டெபியன் லினக்ஸை நிறுவி, ஒரே ஒரு பதிவு உள்ள என் கோப்பைத் திறந்தால் "16777216 பதிவுகள்" என்றது! லிட்டில் எண்டியனில் (எண்ணின் கடைசி பைட் முதலில்) எழுதிய 1-ஐ, அந்த மெயின்ஃப்ரேம் போல பிக் எண்டியனில் (முதல் பைட் முதலில்) படித்தால் அதுதான் வரும். நிஜ மெஷினில்தான் சோதிக்க வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்?

கன்சோல்காரன்:
நீங்கள் இருவரும் பேசுவது வேறு வேறு பிழை. என் கதை சின்னது: கியூஎமுவில் ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு வகை சிப்புக்கு, கர்னலுக்கு முன் ஓடும் ஓபன்எஸ்பிஐயின் எழுத்துகள் வந்தன, பிறகு திரை வெறுமை. கர்னல் தன் செய்திகளை எங்கே எழுதவேண்டும் என்று சொல்லும் கன்சோல் பெயரை, ஆர்ம் கட்டளையிலிருந்து நகலெடுத்து அப்படியே விட்டிருந்தேன். அரை நாள் போயிற்று.

அதனால் சொல்கிறேன். கெஸ்டை, அதாவது கியூஎமுவுக்குள் ஓடும் கணினியை, தொடக்கத்திலேயே நிறுத்திவைத்து 1234 போர்ட்டில் பிழைதேடும் கருவியான ஜிடிபியை இணையுங்கள். திரை பேசாவிட்டாலும் கர்னல் எங்கே நிற்கிறது என்று தெரியும். சிப் வேறு என்றால், கெஸ்டை நேரடியாக சிப்பிலேயே ஓட்டும் கேவிஎம் உதவாது, கியூஎமுவின் டிசிஜி கட்டளைகளை மொழிபெயர்த்துத்தான் ஓட்டும், ஆகவே அங்கே வேகத்தை அளக்காதீர்கள். நினைவகத்தில் புதிதாக எழுதிய கட்டளைகளுக்குத் தாவும் முன் ஐ-கேஷை (பழைய கட்டளைகளின் நகலை சிப் வைத்திருக்கும் இடம்) துடைக்க மறந்தாலும் கியூஎமுவில் ஓடிவிடும், போர்டில் விழும். பைட் வரிசை, 32 பிட் பிழைகளுக்கு கியூஎமு போதும். பேரியர், கேஷ், டிஎம்ஏ (சாதனங்கள் நேரடியாக நினைவகத்தைத் தொடுவது) என்றால் போர்டுதான்.

இரவுவிளக்கு:
நம்பக்கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லையே, பைட்வரிசை. ஆர்ம் சிப் உள்ள லேப்டாப்பில் என் பழைய கர்னலை கியூஎமுவில் ஓட்டினால் அந்த 41 வருமா? அப்படிப்பட்ட லேப்டாப் வைத்திருப்பவர்கள் முயன்று சொல்லுங்கள்.