மலேசியாவில் வாடகைக்கு வீடு கேட்டால் இனத்தைக் கேட்கிறார்கள்: சட்டத்தில் இதற்கு இடமுண்டா?

வங்சா மாஜு வாசகி:
கடந்த வாரம் மாதம் 1,500 ரிங்கிட் வாடகைக்கு வந்த வீடொன்றின் விளம்பரத்தைக் கண்டு முகவரை அழைத்தேன். வேலை, சம்பளம், குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் இனிமையாகக் கேட்டுக்கொண்டவர், என் பெயரைச் சொன்னதும் சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "இந்தியர்களுக்குக் கொடுக்க வேண்டாமென்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், மன்னிக்கவும்" என்றார். இது நான்காவது முறை. முன்பணமும் சம்பளச் சீட்டும் கையில் இருக்க, இனத்தைக் காட்டி மறுப்பதைச் சட்டம் தடுக்கவில்லையா?

சட்டம் படித்தவன்:
சகோதரி, அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனம், சமயம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அந்தத் தடை அரசைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியாரைத் தொடாது. கருவுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது.

செராஸ் வீட்டுக்காரன்:
நானும் தமிழன்தான். வாடகை கட்டாதவரை நாமாகப் பூட்டை மாற்றி வெளியேற்றிவிட முடியாது. 1950ஆம் ஆண்டின் 'குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்' (Specific Relief Act) என்பதன்படி நீதிமன்ற ஆணை வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து பலர் இனத்தை வைத்தே ஆளை எடைபோடுகிறார்கள். இதை நியாயமென்று சொல்லவில்லை. ஐந்து மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டுப் போனவர் என் சொந்த ஊர்க்காரர்.

லயத்துப் பிள்ளை:
வீட்டுக்காரரின் மனத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். நம்மில் இவ்வளவு பேர் ஏன் இன்னும் வாடகைக்கு அலைகிறோம்? நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில். அப்பா பால்மரம் சீவும் வரைதான் அந்த வீடு எங்களுடையது. தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது, முப்பதாண்டு உழைத்தவரிடம் வங்கியில் காட்ட ஒரு செங்கல்கூட இல்லை. அங்கிருந்து புறம்போக்குக் குடிசைக்கும், பிறகு பிபிஆர் எனப்படும் அரசின் மலிவு வாடகை அடுக்குமாடிக்கும் போனோம். மாதம் 124 ரிங்கிட்டுக்குக் கிடைத்த அந்த மூன்று அறை வீட்டை, மின்தூக்கி நின்று பதினான்கு மாடி ஏற நேர்ந்தாலும் அம்மா விடவில்லை. பினாங்கின் கம்போங் புவா பாலாவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் வீடுகள் 2009இல் இடிக்கப்பட்டதற்கும் நிலம் அவர்கள் பெயரில் இல்லாததே காரணம்.

1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்போம் என்றுதான் தொடங்கியது. ஆனால் புதிய வீடுகளில் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடியினருக்கும், உரிய ஒதுக்கீடும் விலைக் கழிவும் வாங்குபவரின் இனத்தைப் பார்க்கின்றனவே தவிர, வருமானத்தைப் பார்ப்பதில்லை. வசதியுள்ளவருக்குக் கழிவு உண்டு, தோட்டத்திலிருந்து வந்தவருக்கு இல்லை. முன்பணம் புரட்ட முடியாத ஏழை மலாய்க்காரருக்கும் அந்தக் கழிவால் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வங்சா மாஜு வாசகி:
நன்றி, ஐயா. ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். இம்முறை அழைத்தவுடன் முதலில் பெயரைத்தான் சொன்னேன், வரச் சொல்லியிருக்கிறார்கள்.