அம்மாவின் கால்சியம் 14.6

குழு: காட்பாடி வீடு

ஞாயிறு, மாலை 6.10

குடியாத்தம் பெரியம்மா: வள்ளி, அம்மாவுக்குத் தைராய்டு கேன்சர் என்று ஆரணியில் பேசிக்கொள்கிறார்களே. நிஜமா? ஆபரேஷன் முடிந்ததிலிருந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான்: தைராய்டு இல்லை பெரியம்மா, பாராதைராய்டு. பேர்தான் ஒன்றுபோல, வேலை வேறு. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. அம்மாவுக்கு அதில் ஒன்று பெருத்துப்போய், எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டியது, அம்மாவுக்கு 14.6.

ஆரணி சித்தி: அக்காவுக்குச் சிறுநீரகக் கல் என்றுதானே சொன்னார்கள்? ரெண்டு வருஷமாக வாழைத்தண்டுச் சாறு குடித்தாரே.

நான்: கல்தான் சித்தி. அந்தக் கல்லே இதனால் வந்ததுதான். கல்லுக்கு ஒரு டாக்டர், முட்டி வலிக்கு இன்னொருவர், மலச்சிக்கலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மருந்து. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நான் உட்பட. ராத்திரி தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் விடிவதற்குள் காலியாகிவிடும். நாலு தடவை பாத்ரூம். சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. ஒரு இடத்தில் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, ரத்தமே பார்க்காமல் கால்சியம் மாத்திரை எழுதினார்கள். ஆறு மாதம் என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தம்பி: அப்புறம் எப்படித் தெரிந்தது?

நான்: கண்ணமங்கலம் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அம்மாவின் தாலிச் சரட்டைச் சரிசெய்துவிட்டேன். கழுத்தில் வலது பக்கம் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. அம்மா எச்சில் விழுங்கியபோது அதுவும் ஏறி இறங்கியது. திங்கட்கிழமையே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டேன். அங்கே இந்த மாதிரிச் சுரப்பிகளுக்கு ஆபரேஷன் செய்ய எண்டோக்ரைன் சர்ஜரி என்றே தனிப் பிரிவு இருக்கிறது.

தம்பி: ஊசி குத்தி எடுத்துப் பார்த்திருந்தால் கேன்சரா இல்லையா என்று முன்னாலேயே தெரிந்திருக்குமே அக்கா?

நான்: நானும் அதையேதான் கேட்டேன். இந்தக் கட்டியில் ஊசி குத்துவதைத் தவிர்ப்பார்கள். குத்தின வழியில் செல் சிந்தி அங்கேயே முளைக்கலாம். அப்படி எடுத்தாலும் சாதாரணக் கட்டியா புற்றா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். சாதாரணக் கட்டி கையில் தட்டுப்படுவதே அபூர்வமாம். இது தட்டுப்பட்டது, கால்சியம் 14ஐத் தாண்டியது, இந்தச் சுரப்பி சுரக்கிற பி.டி.எச். ஹார்மோன் பல மடங்கு ஏறியிருந்தது. இந்த மூன்றையும் வைத்துப் புற்றாகத்தான் இருக்கும் என்று எண்ணியே ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன் சலைன் ஏற்றி, சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டுக் கால்சியத்தை இறக்கினார்கள். கட்டியின் உறை கிழியாமல், அந்தப் பக்கத்துத் தைராய்டையும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்தாயிற்று. முதல் ஆபரேஷன் சுத்தமாக நடப்பதுதான் இதில் பெரிய வைத்தியம்.

தம்பி: கீமோ உண்டா?

நான்: இதற்குக் கீமோ அவ்வளவாகக் கேட்காது. திரும்ப வந்தால் திரும்ப ஆபரேஷன். எடுக்க முடியாத நிலை வந்தால் சினகால்செட் மாத்திரை கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கும். பல வருஷம் கழித்தும் திரும்பலாம் என்பதால் ஆயுசுக்கும் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரணி சித்தி: பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வள்ளி?

நான்: புற்று ஆண் பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமம்தான். சாதாரணக் கட்டிதான் பெண்களுக்கு அதிகம், அதுவும் மாதவிலக்கு நின்ற பிறகு. இந்தச் சுரப்பியால் கால்சியம் ஏறுகிறவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூடப் புற்று இருக்காது சித்தி, பயம் வேண்டாம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் வலி, அசதி, மறதி எல்லாவற்றுக்கும் வயசாகிவிட்டது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விடுகிறோமே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

திங்கள், காலை 7.25

நான்: ராத்திரி அம்மாவுக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. விரல் நுனியெல்லாம் மதமதப்பு. நர்ஸிடம் ஓடினேன். ரத்தம் பார்த்தால் கால்சியம் 7.4. உடனே நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். இப்போது தூங்குகிறார்.

குடியாத்தம் பெரியம்மா: அய்யோ, அதிகம் என்றுதானே கட்டியை எடுத்தார்கள்? இப்போது அதையே ஏற்றுகிறார்களா?

நான்: ஆமாம் பெரியம்மா. இத்தனை நாள் பறிகொடுத்த எலும்பு இப்போது ரத்தத்திலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது. பசித்த எலும்பு என்றே டாக்டர்கள் இதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுப்பார்கள்.

இன்னொன்று. சில குடும்பங்களில் இது ஜீன் வழியாக வருமாம். தாடை எலும்பில் கட்டி வந்தவர்கள் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார். தாத்தாவுக்குத் தாடையில் ஏதோ ஆபரேஷன் நடந்ததாகச் சின்ன வயதில் கேட்ட ஞாபகம்.

குடியாத்தம் பெரியம்மா: உண்டு. எனக்கு அப்போது பத்து வயசு. கீழ்த்தாடையில் வீங்கி, எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள்.

நான்: இதை இன்றைக்கே டாக்டரிடம் சொல்கிறேன்.

ஆரணி சித்தி: வள்ளி, எனக்கும் ரெண்டு தடவை கல் வந்திருக்கிறது. நாளைக் காலையில் ரத்தம் கொடுத்துவிடவா?

நான்: கொடுங்கள் சித்தி. கால்சியம், ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம், பி.டி.எச். மூன்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நீங்கள் போடுகிற கால்சியம் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஆரணி சித்தி: சரிம்மா. இப்போதே பையில் வைத்துவிட்டேன்.